உள்ளங்கையில் மிச்சம்

எங்கள் வீட்டுக் குளியலறைப் பலகையில், என் சவர செட்டுக்கும் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்கும் நடுவில், வாயகன்ற ஒரு டப்பா இருக்கிறது. அது என் மனைவியுடையது. முகத்துக்குப் போடும் பாலிஷ். குழைவாக இருக்கும், ஆனால் உள்ளே பொடிப்பொடியாக ஏதோ நெருடும். ஆரஞ்சுத் தோலும் காப்பித் தூளும் கலந்த வாசனை. சாதாரண க்ரீம் மாதிரி தினமும் பூசிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை அது, கொஞ்சம் காரமான சரக்கு. வாரத்துக்கு ஒரு தடவைதான் போட வேண்டுமாம். தோலின் மேல் செத்துக் கிடப்பதையெல்லாம் உரித்து எடுத்துவிட்டு அடியிலிருக்கும் புதுத் தோலைக் காட்டுமாம். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. அறுபதைத் தாண்டியவனுக்கு முகம் என்பது சவரம் செய்கிற இடம், அவ்வளவுதான்.

அவள் கன்னங்களில் மங்கு விழுந்தபோது முதல் டப்பாவை வாங்கிக் கொடுத்தவள் எங்கள் மகள். நர்ஸ் படிப்பு படித்தவள், அதனால் வீட்டில் யார் தோலில் என்ன வந்தாலும் அவள் வைத்ததுதான் சட்டம். நான் கேலி செய்தேன். "இன்னா, கல்யாணப் பொண்ணா நீ? யாரு பாக்கப்போறாங்க?" என்று கேட்டேன்.

"ஏன், எனக்கு மூஞ்சி இல்லியா? நான் பாத்துக்குவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அதற்கு நேரம். மத்தியானம் கறிக்குழம்பு, அதன் மேல் ஒரு தூக்கம், எழுந்து ஒரு டீ. வெயில் இறங்கியதும் கூடத்து ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஜன்னல் கம்பியில் என் சவரக் கண்ணாடியை மாட்டுவாள். சுடுதண்ணீரில் துண்டை முக்கிப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருப்பாள். அப்புறம் டப்பாவைத் திறந்து விரலால் வழித்து எடுத்து, கன்னத்திலும் நெற்றியிலும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பாள். அவசரமே கிடையாது. சோறு வடிப்பதிலிருந்து துணி மடிப்பதுவரை எல்லாவற்றிலும் பறக்கிற பெண், அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பறக்க மாட்டாள். நான் பக்கத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் உள்ளங்கையில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். உடனே கூப்பிடுவாள். "இன்னாங்க, இப்டி திரும்புங்க. மிச்சம் கீது, வேஸ்டா பூடும்."

நான் முகத்தைச் சுளிப்பேன். எனக்கெதற்கு இந்தக் கூத்தெல்லாம் என்பேன். அதற்குள் அவள் கை என் மூக்கில் இருக்கும். மூக்கிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து காதோரத்துக்கு. ஈரமான கை, நெருடுகிற பொடி, ஆரஞ்சு வாசனை. வாய்தான் முனகிக்கொண்டிருக்கும், முகத்தை ஒருநாளும் நான் விலக்கிக்கொண்டது இல்லை.

மகள் கல்யாணமாகி இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்குக் குழந்தை பிறந்ததும் என் மனைவி கிளம்பினாள். மூன்று மாதம் என்று பேச்சு. அவள் பெட்டியைத் தராசில் வைத்தால் முள் விமானத்துக்கான எல்லையைத் தாண்டி நின்றது. உள்ளே வடகம், பூண்டு ஊறுகாய், அவள் கையால் கிளறிய பிரசவ லேகியம், வசம்பு, பழைய வேட்டியில் கிழித்துத் தைத்த குழந்தைத் துணிகள். எதை எடுப்பது என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் தன்னுடையது என்று இருந்த ஒரே சாமானை எடுத்து என் கையில் கொடுத்தாள். "டப்பா இங்கயே இருக்கட்டும். அங்க அவ வேற வாங்கித் தருவா" என்றாள். நான் அதைக் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன்.

எங்கள் ஊரைச் சின்ன இங்கிலாந்து என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குளிரும், வெள்ளைக்காரர்களின் பங்களாக்களும், அவர்கள் ஆடிய க்ளப்பும் இருந்த காலத்துப் பேச்சு அது. என் மனைவி பெரிய இங்கிலாந்துக்கே போய்விட்டாள். நான் சின்னதில் உட்கார்ந்து எனக்கு நானே ரசம் வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமானால் வீடியோவில் வருவாள். குழந்தையின் பாதத்தைக் காட்டுவாள். நான் கறிவேப்பிலைச் செடியைக் காட்டுவேன். "சாப்ட்டீங்களா?" என்பாள். "ம்" என்பேன். "இன்னா கொழம்பு?" என்பாள். சொல்வேன். அதற்கு மேல் பேச எனக்கு வராது. எதிரில் இருந்தாலும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, ஆனால் எதிரில் இருக்கும்போது பேசாமல் இருப்பது வேறு. போனில் பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்கிறார்கள்.

பொங்கலுக்குள் வந்துவிடுவாள் என்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒருநாள் அவளுக்குப் பதிலாக மகள் திரையில் வந்தாள். "அப்பா, அம்மா இன்னும் கொஞ்ச மாசம் இருக்கட்டுமா? விசா இருக்குது. நான் டூட்டில சேரணும், நைட் ஷிப்ட் போட்ருவாங்க. கொழந்தைய பாத்துக்க ஆளில்ல."

ஷிப்ட் என்ற வார்த்தைக்கு எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. என் அப்பா தங்கச் சுரங்கத்தில் இருந்தார், நான் கனரக வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். ஷிப்ட் என்றால் பாதிச் சோற்றில் எழுந்திருப்போம், காய்ச்சலோடு போவோம். அதைச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

"எனக்கின்னா? இருக்கட்டும். நான் நல்லாத்தான் கீறேன்" என்றேன்.

மகளின் தோளுக்குப் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். "நெசமாவா?" என்று கேட்டாள்.

"நெசமாத்தான். நீ இரு."

எனக்கு அவள் வேண்டும் என்று இருந்தது. அன்றைக்கே, அந்த நிமிஷமே வேண்டும் என்று இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கறி எடுத்து வந்து சமைத்தேன். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தேன், டீ போட்டுக் குடித்தேன். ஜன்னலோரம் வெயில் இறங்கியது. அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து குளியலறைக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். உள்ளே அவள் விரல் வழித்த தடம் அப்படியே இருந்தது. வாசனை குப்பென்று வந்தது. அவள் பின்னால் வந்து நிற்கிறாள் என்றே நினைத்துவிட்டேன், திரும்பிக்கூடப் பார்த்தேன்.

தடத்தைக் கலைக்காமல் ஓரத்திலிருந்து எடுத்து மூக்கில் வைத்தேன்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்துவிட்டு, மிஞ்சிய மாவைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த குன்றுகள் எங்கள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. சயனைடு மேடு என்போம். தை பிறந்தால் காற்று எழும்பும். மேட்டுத் தூசி ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும், சோற்றில் விழும், இமையில் உட்காரும். அந்தத் தூசி முகத்தில் படிந்தால் நாங்கள் உடனே தண்ணீர் ஊற்ற மாட்டோம். தண்ணீர் பட்டால் அது குழைந்து சேறாகி ஒட்டிக்கொண்டு எரியும். முதலில் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். முழுக்கப் போன பிறகுதான் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து கைக்கு வந்த பழக்கம், யோசித்துச் செய்வதில்லை.

என் மனைவி சுடுதண்ணீர்த் துண்டு போட்டதையும், கையை நனைத்து நனைத்துத் தேய்த்ததையும் நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்றுதான் பேர். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளை, அவள் செய்ததை அல்ல. அதனால் அன்றைக்கு என் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. நெருடுகிற பொடி முகத்தில் பட்டதா, தண்ணீரே தொடாமல் வறட்டுத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தது. போதாததற்குத் தொழிற்சாலையில் நான் பார்த்த வேலை வேறு. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்புத் தகட்டைத் தேய்த்து வழவழப்பாக்குகிற பிரிவு. விரலை ஓட்டிப் பார்த்தால் எதுவும் தட்டுப்படக் கூடாது, அதுவரைக்கும் விட மாட்டோம். என் கன்னத்தையும் நான் விடவில்லை.

முகம் திகுதிகுவென்று எரிந்தது. ஆனால் ராத்திரி படுக்கும்வரை வாசனை இருந்தது. தலையணையில்கூட இருந்தது. திங்கட்கிழமை எழுந்தபோது போய்விட்டது. அதனால் திங்கட்கிழமையும் போட்டேன். செவ்வாயும் போட்டேன். வாரத்துக்கு ஒருமுறை என்பதெல்லாம் அவளுக்குச் சொன்னது என்று வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் என் முகம் என்னுடையதாக இல்லை. கன்னம் இரண்டும் பழுத்த தக்காளி நிறம். மூக்கு நுனியில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து நின்றது. ரசத்தின் ஆவி பட்டால் எரிந்தது, சிரித்தால் இழுத்தது. வெளியே போனால் காற்றில் வந்த மேட்டுத் தூசி நேராக வந்து அதன் மேல்தான் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண், என் மனைவிக்குத் தங்கை மாதிரி பழகுகிறவள், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மாவுக் கிண்ணத்தையே கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாண்ணா, மூஞ்சி இப்டி கீது? அடுப்புல காட்டினீங்களா?"

"வெயிலு."

"எங்க வெயிலு? நாங்கல்லாம் சொட்டர் போட்டுக்கினு நிக்கிறோம்."

நான் நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மனைவியிடம் முகத்தைக் காட்ட முடியவில்லை. ஆகவே வீடியோ வந்தால் எடுப்பதில்லை. பிறகு நானே வெறும் குரலில் கூப்பிடுவேன். நெட்வொர்க் இல்லை என்று ஒருநாள், போன் கேமரா கெட்டுவிட்டது என்று ஒருநாள். பொய் சொல்வதில் எனக்கு அவ்வளவு திறமை இல்லை. அவள் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, தலை சுற்றுகிறதா, கை மரத்துப்போகிறதா என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லாத்தான் கீறேன் என்று மறுபடி மறுபடி சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடியிருக்கிறது.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். திறந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, நீயே பாத்துக்கோ" என்றாள். திரையில் என் மனைவி. கம்பளித் தொப்பி போட்டிருந்தாள், கண் வீங்கியிருந்தது.

"சிரிங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"சிரிங்கன்னா சிரிங்க!"

சிரித்தேன். கன்னம் எரிந்தது.

"ரெண்டு கையயும் தூக்குங்க. மேல. நல்லா தூக்குங்க."

பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாசற்படியில் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். அவள் திரும்பி யாரிடமோ, "வாய் கோணலடி, கையும் தூக்குறாரு" என்றாள். மகளின் குரல், "அப்ப ஸ்ட்ரோக் இல்லம்மா, அழுவாத" என்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருத்தன் முகத்தை மறைக்கிறான் என்றால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் எத்தனை நாளாக அதை மனசில் போட்டு வைத்திருந்தாளோ. கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண் போனை என் கையில் திணித்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள்.

அழுது முடித்துவிட்டு என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். "அதென்ன, மூஞ்சி செவசெவன்னு கீது?" என்றாள். அப்புறம் அவளுக்கே தெரிந்துவிட்டது. "என் டப்பாவ எடுத்தீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"தண்ணி தொட்டு தேச்சீங்களா?"

"இல்ல. துணியால தொடச்சேன்."

"மேட்டுத் தூசின்னு நெனச்சிக்கினீங்களா? வெறும் மூஞ்சில போட்டு வறட்டுத் துணியால தொடச்சா தோலு உரியாம இன்னா ஆவும்? எத்தினி வாட்டி போட்டீங்க?"

"தெனம்."

"தெனமா!" அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் மூக்குல தொட்டா மொறைப்பீங்க. இப்ப இன்னாத்துக்கு தெனம்?"

நான் வாசற்படியைப் பார்த்தேன். தெருவில் யாருமில்லை. "வாசன வருது" என்றேன்.

"இன்னா வாசன?"

"உன் வாசன."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று இந்த முறை நான் பார்த்தேன். கட்டாகவில்லை. அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத சொல்றதுக்கு மூஞ்சிய உரிச்சிக்கணுமா?" என்றாள். "நெசமாவான்னு கேட்டேனே. அப்ப வான்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?"

"வா" என்றேன். வந்துவிட்டது. ஒரு தடவை வந்ததும் நிறுத்த முடியவில்லை. "வந்துடு. நீ இல்லாம வூட்ல ஒண்ணுமே நல்லா இல்ல. சோறு நல்லா இல்ல, ஞாயித்துக்கெழம நல்லா இல்ல. எனக்கு முடியல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் குழந்தை அழுதது. திரையின் ஓரத்தில் என் மகள் தெரிந்தாள். நர்ஸ் சட்டை போட்டிருந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையால் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள், தலைகூட வாரவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்பது பார்த்ததுமே தெரிந்தது. என் மனைவியின் உடம்பு அந்தப் பக்கம் எழுந்துவிட்டது, முகம் மட்டும் என் பக்கம் இருந்தது.

"போ, கொழந்தைய வாங்கு" என்றேன். "அத பாத்துக்க ஒரு காப்பகத்துல வுடற வரைக்கும் இருந்துட்டே வா. ஆனா அன்னிக்கு சொன்ன மாதிரி சொல்லல. நீ வந்தாதான் எனக்கு நல்லாருக்கும். அத தெரிஞ்சிக்கினு இரு."

"தெரியும்" என்றாள். "உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சி."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மறுபடி வந்து உட்கார்ந்தாள். டப்பாவைக் காட்டச் சொன்னாள். எடுத்து வந்து திறந்து காட்டினேன். அடி தெரிந்தது. நடுவில் அவள் விரல் தடம் இருந்த இடத்தை மட்டும் நான் விட்டு வைத்திருந்தேன், ஒரு சின்னத் திட்டு. அவள் அதைப் பார்த்தாள். எதற்கு விட்டு வைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

"ஒரு மூஞ்சிக்கு ஒரு விரல் எடுத்தா போதும்" என்றாள். "நான் எப்பவும் ரெண்டு விரல்தான் எடுப்பேன்."

"அப்ப மிச்சம்னு சொன்னது?"

"மிச்சமாவது! மிச்சம்னு சொல்லலன்னா நீங்க மூஞ்சிய காட்டுவீங்களா?" குழந்தையின் முதுகைத் தட்டுவதை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னாள். "இங்கயும் கை ரெண்டு விரல் எடுத்துடுது. பழக்கம். கடைசில கையில நிக்கும். கொஞ்ச நேரம் அப்டியே வெச்சிக்கினு இருந்துட்டு, கழுவி ஊத்திடறேன்."

நான் டப்பாவை இன்னும் கொஞ்சம் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

அன்றிலிருந்து என் முகத்தில் நான் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. பக்கத்து வீட்டுப் பெண் காலையும் மாலையும் கற்றாழை கொண்டுவந்து கொடுத்து, நான் தடவிக்கொள்வதை நின்று பார்த்து, இங்கிலாந்துக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் போனாள். தோல் ஆறியது. டப்பாவை மூடிப் பழையபடி பலகையில் வைத்துவிட்டேன். அந்தத் திட்டு அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீடியோவில் வந்தாள். அங்கே மத்தியானம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். போனை டீ டம்ளர் மேல் சாய்த்து வைத்தேன். அவள் முகத்தில் சுடுதண்ணீர்த் துண்டைப் போட்டுக்கொண்டாள், எடுத்தாள், கையை நனைத்தாள், சின்ன வட்டமாகத் தேய்த்தாள். இந்த முறை அவள் செய்வதையும் பார்த்தேன். எங்கள் ஊர்க் காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. இருவரும் பேசவில்லை, லைன் இருக்கிறதா என்று யாரும் கேட்கவும் இல்லை.

கடைசியில் அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். கழுவ எழுந்திருக்கவில்லை.

"இன்னாங்க, இப்டி திரும்புங்க" என்றாள். "மிச்சம் கீது."

கையைத் திரைக்கு நேரே நீட்டினாள். அவள் முகம் மறைந்தது, ஜன்னல் மறைந்தது, திரை முழுக்க அந்த ஈரமான உள்ளங்கை மட்டும்தான் இருந்தது. நான் நாற்காலியில் இருந்தபடியே மூக்கை நீட்டினேன்.